எல்லை தாண்டாத தொப்பி

வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன், மேற்கு ஜெர்மனி
5 பிப்ரவரி 1984

அன்புள்ள அக்கா ஹைங்கேவுக்கு,

தம்பி ஃபோல்கர்ட் எழுதுவது. முதுகுவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் இந்தக் குளிரை எப்படித் தாங்குகிறது? காப்பித்தூள் பொட்டலம் வந்து சேர்ந்ததா? போன தடவை போல யாராவது பிரித்துப் பார்த்துவிட்டு அரைகுறையாக ஒட்டி அனுப்பியிருந்தால் சொல்.

மார்ச்சில் உனக்கு அறுபது ஆகிறது. அறுபதானவர்கள் மேற்கே போய்வர உங்கள் அரசாங்கம் அனுமதிக்கும் என்பதை நினைத்தால் எனக்கு வேலையே ஓடவில்லை. பட்டறையில் ஒரு கப்பலின் வரைபடத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் பார்த்து இருபத்திமூன்று வருடம், அக்கா. நீ வந்து தங்கப்போகிற அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு சங்கதி. உன் மாடி வீட்டு ஸ்டாவெனோ ஐயா கைசர் மன்னர் காலத்துக் கப்பற்படையில் அதிகாரியாக இருந்தவர் என்றும், அந்தக் காலத் தொப்பி இன்னும் அவரிடம் இருக்கிறது என்றும் கிறிஸ்துமஸ் கடிதத்தில் எழுதியிருந்தாய். பழைய தொப்பிகள் சேர்த்து வைக்கும் என் அலமாரியைப் பற்றி உனக்குத் தெரியும். 1918 நவம்பரில் கீல் துறைமுகத்தில் மாலுமிகள் கிளர்ந்தெழுந்து அதிகாரிகளின் தொப்பியிலிருந்து சின்னங்களைப் பிய்த்தார்கள் அல்லவா, அந்த நாளைப் பார்த்த தொப்பி ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவர் அப்போது கீலில் இருந்தாரா? சும்மா கேட்டுப் பார்.

உன் தம்பி,
ஃபோல்கர்ட்


ஸ்ட்ரால்சுண்ட், கிழக்கு ஜெர்மனி
26 பிப்ரவரி 1984

அன்புத் தம்பிக்கு,

பொட்டலம் வந்தது. ஒழுங்காகவே ஒட்டியிருந்தார்கள், பழகிவிட்டது போலிருக்கிறது. முழங்கால் கிடக்கட்டும், நீ கம்பளித் துணி சுற்றிக்கொண்டு படு, முதுகு கேட்கும்.

நீ சும்மா கேட்கச் சொன்னதை நானும் சும்மா கேட்டேன். தினமும் சாயங்காலம் ஐயாவுக்கு சூப் கொண்டுபோவேன். எண்பத்தெட்டு வயது, பல் ஒன்றும் இல்லை, வாய் மட்டும் குறையவில்லை. "உன் தம்பிக்கு எத்தன தலை, ஹைங்கேம்மா? அலமாரி நெறையத் தொப்பியாமே" என்றார். "தலை ஒண்ணுதான் ஐயா, ஆசைதான் பத்து" என்றேன்.

அவர் கீலில்தான் இருந்திருக்கிறார். இருபத்திரண்டு வயதுப் பையன். ரயிலடியில் மாலுமிகள் சூழ்ந்துகொண்டார்களாம். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற ஆள் ஒருவன் சின்னத்தைப் பிய்த்தானாம். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, "இந்தாங்க சார், நீங்களே வச்சுக்குங்க. பொண்டாட்டி பாத்தா எங்க திருடுனேன்னு கேப்பா" என்று கையில் திணித்தானாம். குடியிருந்த வீட்டுக்காரியிடம் கறுப்பு நூல் இல்லாததால் நீல நூலில் தைத்துத் தந்திருக்கிறாள். கழுகுபோல் அந்தத் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தருகிற மாதிரித் தெரியவில்லை.

தந்தாலும் பழம்பொருள்களை எல்லை தாண்டி எடுத்துப் போகக் கூடாது என்பது உனக்குத் தெரியாததல்ல. ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உன்னைப்போல் அனுமதியில்லாமல் மேற்கே போனவர்களை மன்னித்துச் சட்டம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. நீ ஏன் ஒரு தடவை வந்து அந்தத் தொப்பியையும் பார்த்து, என்னையும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது?

உன் அக்கா,
ஹைங்கே


வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன்
18 மார்ச் 1984

அன்புள்ள அக்கா,

பிறந்தநாள் வாழ்த்து. இனி நீ சட்டப்படி கிழவி, எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

நான் வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். பட்டறையில் இப்போது ஆள் பற்றாக்குறை. இந்த முதுகோடு அத்தனை நேரம் ரயிலில் உட்காரவும் முடியாது. அடுத்த வருடம் பார்ப்போம். இப்போதுதான் நீயே வரப்போகிறாயே.

நீல நூல் என்று நீ எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அலமாரியின் நடுத்தட்டில் இருந்த மூன்றைத் தள்ளிவைத்து இடம் ஒழித்துவிட்டேன். ஐயாவிடம் சொல், என்னிடம் வந்தால் அதை அந்துப்பூச்சி தொடாது, வெயில் படாது, அவர் பெயரை எழுதி வைப்பேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு அது குப்பைக்குத்தானே போகும்?

கொண்டுவருவது ஒரு பெரிய காரியமா? கம்பளித் துணிகளுக்கு நடுவில் ஒரு பழைய தொப்பி. கிழவியின் பையை யார் கிளறப்போகிறார்கள்?

உன் அறைக்குப் பச்சைத் திரைச்சீலை வாங்கியிருக்கிறேன். கடல் பக்கம் ஜன்னல். காலையில் இந்த ஊர்ப் பாணியில், கற்கண்டு போட்டு மேலே பாலாடை விட்டுத் தேநீர் தருவேன்.

உன் வருகையை எண்ணிக் காத்திருக்கும்,
ஃபோல்கர்ட்


ஸ்ட்ரால்சுண்ட்
20 ஏப்ரல் 1984

அன்புத் தம்பிக்கு,

பயண அனுமதி கைக்கு வந்துவிட்டது. மே பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை கிளம்புகிறேன். ஹாம்பர்கிலும் பிரேமனிலும் மாறி ராத்திரிக்குள் வந்துவிடுவேன் என்கிறார்கள். நடைமேடையில் நில். எனக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. சாம்பல் நிற மேலங்கி போட்டிருப்பேன், பார்த்துக்கொள்.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. நீ எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். குப்பைக்குப் போகும் என்று எழுதியிருந்ததைப் படித்திருக்கக் கூடாது, படித்துவிட்டேன். சூப் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். அப்புறம் ஒரு தலையணை உறையில் சுற்றிக் கொடுத்து, "எடுத்துட்டுப் போம்மா. நான் போகாத ஊருக்கு அதாவது போகட்டும்" என்றார்.

எனக்கு மனசு சரியில்லைதான். ஆனால் நீ இத்தனை வருடத்தில் என்னிடம் கேட்ட ஒரே பொருள் இது. உன் முகம் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டும்.

உனக்குப் பிடித்த புகையில் வாட்டிய விலாங்கும் கொண்டுவருகிறேன்.

உன் அக்கா,
ஹைங்கே


வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன்
14 மே 1984

அன்புள்ள அக்கா,

என்ன ஆயிற்று? சனிக்கிழமை கடைசி ரயில் வரைக்கும் நின்றேன். சாம்பல் மேலங்கி போட்ட ஒவ்வொருத்தியையும் உற்றுப் பார்த்ததில் ஒரு அம்மாள் காவலரைக் கூப்பிடுவேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமையும் போனேன். உடம்புக்கு ஏதாவதா? ரயிலைத் தவறவிட்டாயா? உடனே எழுது. தந்தி கொடுத்தாலும் சரி.

கலக்கத்துடன்,
ஃபோல்கர்ட்

பி.கு.: தொப்பி பத்திரமாக இருக்கிறது அல்லவா?


ஸ்ட்ரால்சுண்ட்
22 ஜூன் 1984

அன்புள்ள ஃபோல்கர்ட்டுக்கு,

உன் கடிதங்கள் வந்தன. எனக்குக் காய்ச்சல். அதனால் வர முடியவில்லை. இப்போது பரவாயில்லை. சில மாதங்களுக்குப் பொட்டலம் எதுவும் அனுப்ப வேண்டாம்.

ஒரு உதவி. நான் மே மாதம் உன் வீட்டுக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பியதாகத்தான் ஸ்டாவெனோ ஐயாவுக்குத் தெரியும். தொப்பி உன் அலமாரியில் இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறேன். அவருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுது. நன்றாக எழுது. என்னிடம் எதுவும் கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹைங்கே


வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன்
8 ஜூலை 1984

பெருமதிப்புக்குரிய ஸ்டாவெனோ ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பதாக அக்கா சொன்னாள், மகிழ்ச்சி. தங்கள் தொப்பி அவளுடன் பத்திரமாக என் கைக்கு வந்து சேர்ந்தது. உடனே நன்றி எழுதாதது என் தவறு.

அலமாரியின் நடுத்தட்டில் வைத்திருக்கிறேன். கருநீலத் துணி நிறம் மங்காமல் இருக்கிறது. சின்னத்தைச் சுற்றியுள்ள தங்க ஓக் இலைகள் காலை வெளிச்சத்தில் மின்னுகின்றன. அந்த நீல நூல் தையலைத் தினமும் பார்க்கிறேன். தாங்கள் செய்த உபகாரத்துக்கு நான் தகுதியானவனா என்று தெரியவில்லை.

தங்கள் பணிவுள்ள,
ஃபோல்கர்ட் ரையெண்ட்ஸ்


ஸ்ட்ரால்சுண்ட்
10 ஆகஸ்ட் 1984

மதிப்பிற்குரிய ரையெண்ட்ஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு தடவை படித்தேன். மிக அழகாக எழுதியிருக்கிறீர்கள். நானே அந்தத் தொப்பியை அவ்வளவு நன்றாகப் பார்த்ததில்லை.

காலம் எனக்கு அதிகமில்லை. அது இருக்கிற இடத்தை ஒருமுறை பார்க்க ஆசை. அனுமதிக்கு எழுதினேன், கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள். நான் அங்கேயே செத்துப்போனால் ஓய்வூதியம் மிச்சம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அக்டோபர் நடுவில் வருகிறேன். இரண்டு ராத்திரி படுக்க இடம் தந்தால் போதும்.

எர்ட்மன் ஸ்டாவெனோ


வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன்
2 செப்டம்பர் 1984

அன்புள்ள அக்கா,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. நீ கேட்காதே என்றாய். கேட்காமல் இருக்க முடியவில்லை. உனக்குக் காய்ச்சல் வரவில்லை. எல்லையில் ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். தொப்பியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்படித்தானே? அதன் பிறகு உன்னை என்ன செய்தார்கள்? எத்தனை நாள் வைத்திருந்தார்கள்? இனிமேல் உன்னை விடுவார்களா, மாட்டார்களா?

ஐயா இங்கே வருகிறார். வரவேண்டாம் என்று எழுதக் காரணம் தேடினேன், எதை எழுதினாலும் உன் பொய் உடைந்துவிடும். அதனால் ஒரு காரியம் செய்தேன். என் அலமாரியிலேயே உயர்ந்த தொப்பி ஒன்று உண்டு. ஒரு கப்பல்தலைவரின் மகள் என்னை நம்பிக் கொடுத்தது. அதை மேசையில் வைத்து, சவரக்கத்தியால் சின்னத்தைக் கிழித்தேன். நீல நூல் வாங்கி, கிழவரின் வீட்டுக்காரி தைத்திருப்பாள் என்று தோன்றியபடி தைத்தேன். எனக்குத் தைக்கத் தெரியாததால் தையல் பொருத்தமாகவே வந்திருக்கிறது.

இதைச் செய்து முடித்தபோது எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது. எழுது, அக்கா. திட்டியாவது எழுது.

ஃபோல்கர்ட்


ஸ்ட்ரால்சுண்ட்
20 செப்டம்பர் 1984

அன்புள்ள ஃபோல்கர்ட்டுக்கு,

ஐயாவுக்கு ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டுக் கொடு. இரண்டு தலையணை வேண்டும், இல்லாவிட்டால் இருமுவார். படியேறும்போது கையைப் பிடிக்காதே, கோபம் வரும். பின்னால் நில்.

நீ கேட்டதற்கு: இந்த வருடம் இங்கே பிளம்ஸ் நன்றாகக் காய்த்திருக்கிறது.

ஹைங்கே


வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன்
21 அக்டோபர் 1984

அன்புள்ள அக்கா,

ஐயா இன்று காலை ரயிலேறிவிட்டார். இருமல் இல்லை, நன்றாகச் சாப்பிட்டார். உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரிக்கப்போகிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

வந்தவுடன் கூடத்தில் உட்கார வைத்தேன். அலமாரிக்கு எதிரில் நல்ல நாற்காலியைப் போட்டு, விளக்கையெல்லாம் ஏற்றி வைத்திருந்தேன். அவர் அந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தேநீர் கொடுத்தேன். கற்கண்டை வாயில் அதக்கிக்கொண்டு, "ஹைங்கே படுத்திருந்த ரூமக் காட்டு" என்றார்.

கூட்டிப்போனேன். வாசலிலேயே நின்று ரொம்ப நேரம் பார்த்தார். திரைச்சீலையைத் தொட்டார். "பச்சைதான். சொன்னா மாதிரியே இருக்கு. கடலும் தெரியுது" என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஐயா, தொப்பியப் பாக்கலையா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? என் தொப்பிய நான் ஜூன் மாசமே பாத்துட்டேனே. மேசை மேல வச்சிருந்தாங்க."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா, உன்னை விசாரித்த அந்த அரசாங்க அலுவலகத்துக்கு அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். உனக்கு அது தெரியாது. இது உங்களுடையதா என்று கேட்டார்களாம். ஆமாம், நான்தான் அவளுக்குக் கொடுத்தேன் என்றாராம். "தொட்டுப் பாக்கட்டுமான்னு கேட்டேன். கூடாதுன்னுட்டாங்க. அவ்வளவுதான்."

பிறகு என் மார்ச் மாதக் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். அதன் நகல் தொப்பிக்குப் பக்கத்திலேயே கிடந்ததாம். கிழவியின் பையை யார் கிளறப்போகிறார்கள் என்ற வரிக்கு அடியில் சிவப்பில் கோடு போட்டிருந்ததாம். அவர்கள் உன் பையைக் கிளறவே இல்லை, அக்கா. நேராக அதை எடுத்திருக்கிறார்கள். உன்னைக் காட்டிக்கொடுத்தது நான். புத்திசாலித்தனமாக எழுதியதாக நினைத்த என் ஒரு வரி.

"அப்போ எல்லாம் தெரிஞ்சிருந்தும் ஏன் ஐயா எனக்கு அப்படிப் பதில் எழுதுனீங்க? அவகிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எப்படிச் சொல்றது? தினம் சாயங்காலம் சூப்பைக் கொண்டாந்து வச்சிட்டு உன் வீட்டப் பத்திச் சொல்லுவா. பச்சைத் திரை, ஜன்னல்ல கடல், நீ தேத்தண்ணியில கற்கண்டு போட்டுக் குடுத்தது, ஸ்டேஷன்ல அவளப் பாத்ததும் நீ அழுதது. ஒரு நாள் சொன்னது மறுநாள் மாறாது. பாதி அவளே நம்பிட்டா போல. வராத ஊருக்கு வந்துட்டுப் போனவ மாதிரி ஒரு சந்தோஷம் மூஞ்சியில. அத நான் எந்த வாயால கெடுக்கிறது? அதான், அவ சொன்ன வீடு நெசமாவே இருக்கான்னு பாக்க வந்தேன்."

இதையெல்லாம் என் கடிதங்களிலிருந்து எடுத்துச் சொல்லியிருக்கிறாய். நான் அழுததை மட்டும் நீயாகச் சேர்த்திருக்கிறாய். அந்த அரசாங்க அலுவலகத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. நாம் மூன்று பேர்தான் ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டிருந்தோம்.

நான் தைத்த தொப்பியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன், என்ன செய்தேன் என்று சொன்னேன். புரட்டிப் பார்த்தார். "நல்ல தொப்பியக் கெடுத்துட்டியே, முட்டாப்பயலே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவளுக்கு இனிமே பாஸ் கிடையாது. முத்திரை குத்திட்டாங்க. உன்ன யாரு புடிச்சு வச்சிருக்கா?" என்றார்.

பட்டறை, முதுகு என்று ஆரம்பித்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்திவிட்டேன். பயம், அக்கா. வேறொன்றும் இல்லை. வந்தால் திரும்ப விடமாட்டார்களோ என்ற பயம். சட்டம் மாறியதும் தெரியும், ஆயிரம் பேர் போய்வருவதும் தெரியும். வெறுங்கையோடு கடக்க எனக்குத் தைரியம் இல்லாத எல்லையை, கையில் ஒரு பொருளைக் கொடுத்து உன்னைக் கடக்கச் சொன்னேன்.

தொப்பிகள் மேல் ஆசை போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய். போகவில்லை. ஆனால் அலமாரிக் கதவைத் திறக்கக் கை வரவில்லை.

நான் வருவதற்கு அங்கே நீதான் விண்ணப்பிக்க வேண்டும், உன் கையெழுத்து வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என் பொருட்டு நீ இன்னொரு தடவை அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. நீ செய்யாவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். வருத்தமாகத்தான் இருக்கும்.

உன் தம்பி,
ஃபோல்கர்ட்


ஸ்ட்ரால்சுண்ட்
16 டிசம்பர் 1984

ஃபோல்கர்ட்டுக்கு,

ஐயா சுகம். நீ ரொட்டியின் ஓரத்தை வெட்டாமல் கொடுத்தாய் என்று புகார் சொன்னார். எனக்கும் சுகம்தான்.

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. ஒவ்வொரு வாரமும் பதில் எழுத உட்கார்ந்தேன். பரவாயில்லை தம்பி என்று ஆரம்பிப்பேன், கிழித்துப் போடுவேன். பரவாயில்லை என்பது இல்லை. அந்த அலுவலகத்தில் என்னை ஒரு மரப்பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அவர்கள் வேலை அது. கிழவியின் பையைப் பற்றி நீ எழுதிய அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். அப்போது நான் உன்னை நினைத்து ஒரு வார்த்தை சொன்னேன். அப்பா குடித்துவிட்டு வந்தால்கூட வீட்டுக்குள் சொல்லாத வார்த்தை. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகும் உன் மீது உள்ள கோபம் போகவில்லை. அதனால்தான் ஐயாவிடம் போய் உன்னை நல்லவனாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன் போல. நான் சொன்ன ஃபோல்கர்ட் ரயிலடியில் அழுதான். அவனோடு கோபித்துக்கொள்ள முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதே ஆள்தான் இருந்தார். யார் வருவதற்கு என்று கேட்டார். கூடப்பிறந்தவன் என்றேன். "தொப்பிக்காரரா?" என்றார். ஆமாம் என்றேன். சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அனுமதிச் சீட்டை இதனுடன் வைத்திருக்கிறேன். ஜனவரி பத்தொன்பது முதல் ஒரு வாரம். பயமாக இருந்தால் பயந்துகொண்டே வா. நானும் அப்படித்தான் அந்த ரயிலில் ஏறினேன்.

நடைமேடையில் நிற்பேன். நீ வந்து இறங்கியதும் முதலில் அந்த வார்த்தையைச் சொல்வேன், தபாலில் எழுதக் கூடியது அல்ல. அதை நீ நின்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகலாம்.

உன் அக்கா,
ஹைங்கே